பொபி ஓர்: ஒன்பது பருவங்களும் ஓர் இடது முழங்காலும்

வாசகர் ஒருவர், 4 நவம்பர் 2024

ஐஸ் ஹொக்கியில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த வீரர் யார் என்று கேட்டால் பொஸ்ரன் ரசிகர்கள் யோசிக்காமல் பொபி ஓர் என்கிறார்கள். அவர் முழுமையாக ஆடியது பத்துப் பருவங்கள்கூட இல்லை. வென்றது லீக்கின் பட்டமான ஸ்டான்லி கிண்ணங்களில் இரண்டே இரண்டு. அதுவும் 1967இல் லீக் திடீரென இரண்டு மடங்காகப் பெருத்து, பலவீனமான அணிகள் நிறைந்திருந்த காலம். முன்கள வீரர்களான வெய்ன் கிரெட்ஸ்கியும் கோர்டி ஹவ்வும் இருக்கும்போது இவரை அந்த வரிசையில் வைப்பது வெறும் ஊர்ப்பற்று அல்லவா?

5 நவம்பர் 2024

மொத்தக் கணக்கிலிருந்து தொடங்கினால் கேள்வி கேட்டவர் சொல்வதே சரி என்று முடிந்துவிடும். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இல் பொபி ஓர் ஆடியவை 657 ஆட்டங்கள். அவற்றில் 270 கோல்கள், சக வீரர்கள் கோல் போடக் கொடுத்த உதவிகள் 645, ஆக 915 புள்ளிகள். கிரெட்ஸ்கி எடுத்தவை 2,857 புள்ளிகள். கோர்டி ஹவ் அந்த லீக்கில் மட்டும் 26 பருவங்கள், 1,767 ஆட்டங்கள் ஆடியவர். இந்த எண்களை வரிசையாக எழுதினால் பொபிக்குப் பக்கத்தின் அடியில்தான் இடம் கிடைக்கும்.

ஆனால் பொபி தற்காப்பு வீரர். அவர் 1966இல் பதினெட்டு வயதில் பொஸ்ரன் புரூயின்ஸ் அணிக்கு வந்தபோது, தற்காப்பு வீரர் ஒருவர் ஒரு பருவத்தில் எடுத்த அதிகபட்சப் புள்ளிகள் 59. 1964–65இல் சிக்காகோவின் பியேர் பிலோட் எடுத்தவை அவை. தன் கோலுக்கு முன்னால் எதிரணியினரை நிற்கவிடாமல் செய்வதும், பக்கை, அதாவது மட்டையால் அடித்து ஆடும் ரப்பர் வட்டை, பறித்ததும் அதை முன்கள வீரரிடம் பத்திரமாக ஒப்படைப்பதுமே அந்த இடத்துக்குரிய கடமை என்று பயிற்சியாளர்கள் கருதிய காலம் அது. பொபி 1968–69இல் 64 புள்ளிகள் எடுத்து அந்தச் சாதனையைத் தாண்டினார். அடுத்த பருவத்தில் 120 எடுத்தார். அதற்கடுத்த பருவத்தில் 139. ஒரு சாதனை இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்வது எந்த விளையாட்டிலும் அபூர்வம்.

லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுப்பவருக்கு உரிய ஆர்ட் ரொஸ் விருதை அவர் 1970இலும் 1975இலும் பெற்றார். வேறு எந்தத் தற்காப்பு வீரரும் இன்றுவரை அதைத் தொட்டதில்லை. சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் விருதைத் தொடர்ந்து எட்டு முறை, 1968 முதல் 1975 வரை, அவரே வைத்திருந்தார். முழங்கால் அனுமதித்த ஒன்பது பருவங்களில் அவர் கைக்கு எட்டாமல் போனது முதலாவது மட்டும்தான். 1967இல் அதை வென்ற நியூயோர்க் வீரர் ஹரி ஹவெல், இப்போதே தனக்குக் கிடைத்தது நல்லதாயிற்று, இனி அது அந்தப் பையனுடையதுதான் என்ற பொருள்படப் பேசினார். அந்தப் பருவத்தில் புரூயின்ஸ் அணி லீக்கில் கடைசி இடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், எதிரணியில் இருந்த ஒரு மூத்த தற்காப்பு வீரர் அந்தப் பையனிடம் எதைக் கண்டிருப்பார் என்பது விளங்கும்.

6 நவம்பர் 2024

விரிவாக்கம் பற்றிய வாதத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 1967இல் ஆறு அணிகள் பன்னிரண்டாயின, 1974க்குள் பதினெட்டாயின. இடையே 1972இல் தொடங்கிய போட்டி லீக்கும் வீரர்களை இழுத்துக்கொண்டது. ஆட்டத்தின் தரம் ஐதாகியது உண்மை. கோல்கள் பெருகியதும் உண்மை.

ஆனால் அந்தப் பலவீனமான அணிகளுக்கு எதிராக ஆடியவர் பொபி மட்டும் அல்லர். மற்றத் தற்காப்பு வீரர்களுக்கும் அதே எதிரணிகள்தான். 1970–71இல் பொபி 139 புள்ளிகள் எடுத்தபோது மொன்றியல் அணியின் ஜே. சி. திரம்பிளே 63 எடுத்தார், அதுவே மிக நல்ல பருவமாகப் பேசப்பட்டது. விரிவாக்கம்தான் காரணம் என்றால் அதன் பலன் ஒருவர் வீட்டுக் கூரையில் மட்டும் மழையாகப் பெய்திருக்க முடியாது.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டவர் அதை எடுக்கவில்லை என்பதால் நானே எடுக்கிறேன். அதே 1970–71இல் லீக்கின் முதல் நான்கு புள்ளிக்காரர்களும் புரூயின்ஸ் வீரர்களே: எஸ்பொசிற்றோ 152, ஓர் 139, பியூசிக் 116, ஹொட்ஜ் 105. ஆகவே பொபியின் எண்கள் பில் எஸ்பொசிற்றோவின் கோல்களால் வீங்கியவை என்று ஒருவர் வாதிடலாம். கோலுக்கு முன்னால் தூண்போல் நின்று 76 கோல்கள் போட்ட ஒருவர் இருந்தால் உதவிகள் கூடத்தான் செய்யும். 1967இல் எஸ்பொசிற்றோ, ஹொட்ஜ், ஸ்ரான்ஃபீல்ட் மூவரையும் சிக்காகோவிடமிருந்து பெற்ற பரிமாற்றம் இல்லாமல் அந்த அணி உருவாகியிருக்காது என்பதை நான் மறுக்கவில்லை. என்றாலும் எஸ்பொசிற்றோ அங்கே நின்று காத்திருக்க முடிந்ததே, பக் தன்னிடம் வந்து சேரும் என்ற நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கை பெரும்பாலும் அணியின் சொந்தப் பாதியில், பொபியின் மட்டையில் தொடங்கியது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த 1971 அணி 57 வெற்றிகளோடு சாதனை படைத்துவிட்டு, முதல் சுற்றிலேயே மொன்றியலிடம் ஏழு ஆட்டங்களில் தோற்று வெளியேறியது. இரண்டாவது ஆட்டத்தில் 5–1 என்று முன்னணியில் இருந்து 7–5 என்று தோற்றார்கள். எதிரே கோலைக் காத்தவர் அதுவரை அதிகம் ஆடியிராத கென் டிரைடன். அந்தக் கிண்ணம் வந்திருந்தால் 1970, 1971, 1972 என்று மூன்று தொடர்ச்சியாகியிருக்கும். இன்றைய கேள்வியின் பாதி எழுந்திருக்காது. அது பொபியின் வரலாற்றில் உள்ள உண்மையான ஓட்டை.

9 நவம்பர் 2024

எண்களை விட்டு ஆட்டத்துக்கு வருகிறேன், ஏனெனில் நான் மனம் மாறியதே அங்கேதான்.

ஸ்காபறோவில் என் மகள் தற்காப்பில் ஆடத் தொடங்கியபோதுதான் நான் ஹொக்கியைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். அதிகாலை அரீனாவில், குளிரில் விறைத்த விரல்களால் அவளுடைய சறுக்குச் சப்பாத்தின் கயிற்றை இழுத்து இறுக்கிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பேன். அங்கே நின்று பார்த்தால்தான் தற்காப்பு வீரரின் வேலை எவ்வளவு பின்னோக்கியது என்பது தெரியும்: எதிராளி முகத்தை நோக்கி வர, இவர்கள் பின்புறமாகச் சறுக்கிக்கொண்டே இடைவெளியை அளந்தபடி இருக்கவேண்டும். அவள் ஒருமுறை பக்கை எடுத்துக்கொண்டு, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைத் தாண்டி முன்னேறியபோது, பெஞ்சிலிருந்து திரும்பி வா என்ற குரல்தான் முதலில் எழுந்தது. தவறு என்று நான் சொல்லவில்லை. பக் பறிபோயிருந்தால் அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்திருக்கும். அந்தப் பயம்தான் இந்த விளையாட்டில் தற்காப்பு வீரர்களைக் காலங்காலமாகக் கட்டிப்போட்டது.

அதன் பிறகு பழைய ஆட்டப் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது, பொபி அந்தப் பயத்துக்குக் கண்டுபிடித்த விடை எனக்குப் புலப்பட்டது. அவர் துணிச்சலால் முன்னேறியவர் அல்லர். பக்கை இழந்தாலும் எதிராளிக்கு முன்னால் திரும்பி வந்து சேரக்கூடிய கால்கள் இருந்ததால் முன்னேறியவர். கோலின் பின்னால் பக்கை எடுத்து, முதல் எதிராளி நெருங்கும்வரை வேகத்தைக் காட்டாமல் வந்து, அவன் எடை ஒரு காலுக்கு மாறிய கணத்தில் மறுபக்கம் திரும்பிப் பாய்வார். பிடிபடும்போல் இருந்தால் ஒரு சிறு கொடுப்பு; கொடுத்தவுடன் நிற்காமல் வெற்றிடத்துக்குள் புகுந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இந்தக் கொடுத்து வாங்கும் பழக்கம் இன்று எல்லோரிடமும் இருக்கிறது. அன்றைய பதிவுகளில் மற்றவர்கள் பக்கைக் கொடுத்துவிட்டு நின்று பார்ப்பதையும் இவர் ஓடிக்கொண்டே இருப்பதையும் ஒரே காட்சியில் காணலாம்.

ஆள் குறைந்த நேரங்களில் அவர் செய்தது இன்னும் வியப்பானது. தண்டனையால் நான்கு பேர் மட்டும் நிற்கும்போது பக்கை மறுமுனைக்கு விரட்டியடித்து மூச்சு வாங்குவதுதான் வழமை. பொபி அதைத் தன் மட்டையிலேயே வைத்துக்கொண்டு, தன் கோலின் பின்னால் வளைந்து, மீண்டும் நடுப்பகுதிக்கு வந்து, மறுபடி திரும்பி, ஐந்து பேரையும் தன் பின்னால் அலையவைத்து நேரத்தைக் கரைப்பார். எதிரணியிடம் பக்கே இல்லையென்றால் கோல் எப்படி விழும்? தற்காப்பின் முழுப் பொருளையும் இப்படி மாற்றியதால்தான் அவரைத் தாக்குதல் ஆடிய தற்காப்பு வீரர் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. பக்கை வைத்திருப்பதையே அவர் தற்காப்பாகக் கொண்டார்.

அவர் சப்பாத்துக்குள் காலுறை அணியாமல் ஆடினார். மட்டையின் அலகில் மற்றவர்கள் முழுவதும் நாடா சுற்றிய இடத்தில் அவர் ஒற்றைச் சுற்று மட்டும் சுற்றுவார். பிற்காலத்தில் அதுவும் இல்லை. இதையெல்லாம் விசித்திரப் பழக்கமாகத்தான் சொல்லிச் செல்கிறார்கள். பதிவைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனியும் பக்கும் தன் உடம்புக்கு எவ்வளவு நெருக்கமாக உணரப்படலாமோ அவ்வளவு நெருக்கத்தை அவர் நாடினார் என்றே நினைக்கிறேன்.

9 நவம்பர் 2024, இரவு

நேர்–எதிர்க் கணக்கு என்றால் என்னவென்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வீரர் பனித்தளத்தில் இருக்கும்போது அவருடைய அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று; எதிரணி போட்டால் கழித்தல் ஒன்று; ஆள் கூடிய நேரத்தில், அதாவது பவர் பிளேயில், விழும் கோல்கள் இதில் சேரா. 1970–71இல் பொபியின் கணக்கு கூட்டல் 124. அதற்குப் பின் அதை நெருங்கியவர் 1976–77இல் கூட்டல் 120 எடுத்த மொன்றியலின் லாரி ரொபின்சன். இந்தக் கணக்கு அணியின் வலிமையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் இதை மட்டும் வைத்து நான் எதையும் நிறுவமாட்டேன். முன்னே ஓடுகிறவர் பின்னே கோல் வாங்கிக்கொடுப்பார் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு மட்டும் இது போதுமான பதில்.

14 நவம்பர் 2024

கோல் போட்டுவிட்டுக் காற்றில் பறக்கும் அந்தப் புகைப்படம் ஒரு விபத்துத்தானே, எதிராளி காலை இடறியதால் எடுபட்ட படத்துக்கு ஏன் இத்தனை புகழ் என்று கேட்கப்பட்டிருக்கிறது. படம் எடுத்தவர் ரே லுசியே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், பறந்தது விபத்துத்தான். ஆனால் நான் பார்க்கச் சொல்வது படத்துக்கு முந்தைய சில வினாடிகளை.

1970 மே 10, ஞாயிற்றுக்கிழமை, பொஸ்ரன் கார்டன். இறுதித் தொடரில் சென். லூயிஸ் புளூஸ் அணியை மூன்று ஆட்டங்களில் வென்றுவிட்ட நிலை. நான்காவது ஆட்டம் 3–3 என்று மேலதிக நேரத்துக்குப் போயிருந்தது. பொஸ்ரன் கடைசியாகக் கிண்ணம் வென்றது 1941இல். எதிரணிப் பகுதியில் பக் வலது விளிம்புப் பலகையை ஒட்டி வெளியே வருகிறது. பொபி நிற்கவேண்டிய இடம் நீலக் கோடு. எச்சரிக்கையான தற்காப்பு வீரர் பின்வாங்கியிருப்பார். அவர் பலகையை நோக்கிப் பாய்ந்து பக்கை மறித்தார். அது அவரைத் தாண்டியிருந்தால் புளூஸ் வீரர்கள் ஆளற்ற பாதியை நோக்கி ஓடியிருப்பார்கள். கோல் விழுந்திருந்தால் இன்று அவரை வேறுவிதமாகப் பேசுவோம்.

மறித்த பக்கைக் கோலின் பின்பக்கம் நின்ற டெரெக் சாண்டர்சனிடம் தள்ளிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பாமல் நேராகக் கோலை நோக்கிச் சறுக்கினார். சாண்டர்சன் திருப்பிக் கொடுத்தார். கோல்காப்பாளர் கிளென் ஹோல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்துகொண்டிருந்தார், கால்கள் விலகியிருந்தன. அந்த இடைவெளியால் பக் உள்ளே போனது. மேலதிக நேரம் தொடங்கி 40 வினாடிகள். அதன் பிறகுதான் நோயல் பிக்கார்டின் மட்டை அவருடைய காலை வாரியது, பொபி கைகளை விரித்தபடி மேலெழுந்தார்.

முந்தைய குறிப்பில் விவரித்த எல்லாமே அந்தச் சில வினாடிகளில் இருக்கின்றன. வெளியே வந்து மறித்தல், கொடுத்துவிட்டு நிற்காமை, வெற்றிடத்துக்குள் புகுதல். அந்தப் பருவத்தில் நோரிஸ், ஆர்ட் ரொஸ், லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட், இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் ஆகிய நான்கையும் அவர் ஒருவரே பெற்றார். ஒரே பருவத்தில் இந்த நான்கையும் வேறு எவரும் பெற்றதில்லை. 2010இல், சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மே 10 அன்று, பொஸ்ரன் அரங்கின் வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். பறக்கும் நிலையைத்தான் வார்த்திருக்கிறார்கள்.

20 நவம்பர் 2024

முழங்கால் பற்றி. குறுகிய காலமே ஆடினார் என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள், அது எப்படிக் குறுகியது என்பதையும் பார்க்கவேண்டும்.

1966 டிசம்பரில், முதல் பருவத்திலேயே, ரொறன்ரோவுக்கு எதிரான ஆட்டத்தில் பலகையோடு மோதப்பட்டு முழங்கால் காயப்பட்டது. 1967 கோடையில் வினிப்பெக்கில் நடந்த நன்கொடை ஆட்டம் ஒன்றில் மறுபடியும் அடி. அடுத்த பருவத்தில் 46 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. அதிலும் நோரிஸ் விருதைப் பெற்றார். அதன்பின் இடது முழங்காலில் அறுவைமேல் அறுவை. மொத்தம் பத்துக்கும் மேல்.

இன்று குருத்தெலும்பு கிழிந்தால் சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி, கிழிந்த துண்டை மட்டும் நீக்குகிறார்கள் அல்லது தைக்கிறார்கள். அன்று மூட்டைத் திறந்து குருத்தெலும்பையே வெட்டி எடுப்பதுதான் வழமை. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே இருக்கவேண்டிய மெத்தை போய்விட்டால், ஒவ்வொரு திருப்பமும் எலும்பை எலும்பில் தேய்க்கும். ஹொக்கிச் சறுக்கலில் ஒரே காலின் உள்விளிம்பில் முழு எடையையும் சாய்த்துத் திரும்பவேண்டும்; பொபியின் ஆட்டமே அந்தத் திருப்பங்களில்தான் இருந்தது. அவர் காயத்தோடு ஆடினார் என்று சொல்வது எனக்குப் போதவில்லை. அவரை அவர் ஆக்கிய அந்த அசைவே அவரைத் தேய்த்தது.

எதிரணிகளுக்கும் இது தெரியும். 1974 இறுதித் தொடரில் பிலடெல்பியா பயிற்சியாளர் ஃபிரெட் ஷீரோ, பொபியிடமிருந்து பக்கை விலக்கிவைக்கும் பழைய உத்தியைக் கைவிட்டு, வேண்டுமென்றே அவருடைய மூலைக்கே பக்கை அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி ஓடி எடுக்கட்டும், எடுக்கும்போது அவரை இடியுங்கள், ஆறு ஆட்டங்களில் களைத்துப்போவார் என்பது கணக்கு. பலித்தது, ஆறாவது ஆட்டத்தை 1–0 என்று வென்று பிலடெல்பியா கிண்ணத்தை எடுத்தது. ஒரு தனி வீரரைச் சோர்வடையச் செய்வதற்காக ஓர் அணி தன் முழுத் திட்டத்தையும் வகுத்தது என்பதைவிடப் பெரிய மரியாதையை எதிராளி செலுத்த முடியாது.

அந்தக் கால்களோடு, அடுத்த 1974–75 பருவத்தில் 80 ஆட்டங்களும் ஆடி, 46 கோல்கள், 135 புள்ளிகள் எடுத்து இரண்டாம் முறை ஆர்ட் ரொஸ் விருதைப் பெற்றார். அதுதான் அவருடைய கடைசி முழுப் பருவம். அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளையும் சேர்த்தால் 36 ஆட்டங்கள்.

21 நவம்பர் 2024

1972இல் சோவியத் அணிக்கு எதிராகக் கனடா ஆடிய எட்டு ஆட்டத் தொடரில் பொபி ஏன் இல்லை என்று கேட்டவருக்கு: முழங்கால்தான். அணியோடு இருந்தார், ஆட முடியவில்லை.

1976 கனடா கிண்ணத்தில் ஆடினார். ஏழு ஆட்டங்களில் 2 கோல்கள், 7 உதவிகள். ஆட்டங்களுக்கு இடையே நடக்கவே சிரமப்பட்ட ஒருவர் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபத்தெட்டு வயது அவருக்கு.

2 டிசம்பர் 2024

பணம் பற்றிய கேள்வியைச் சிலர் தலைப்புக்கு வெளியே என்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பொபியின் மரபில் பாதி இதுதான்.

அவர் ஒன்ராறியோவின் பரி சவுண்ட் என்ற சிறு துறைமுக நகரத்துப் பிள்ளை. தகப்பன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதிலேயே புரூயின்ஸ் ஆட்கள் அவரைக் கண்டுவிட்டார்கள். பதினான்கு வயதில், 1962இல், குடும்பம் கையொப்பமிட்டது. பதிலாகக் கிடைத்தவற்றில் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலையும் ஒன்று. ஒரு சிறுவனின் முழு விளையாட்டு வாழ்க்கையும் ஒரு கழகத்துக்கு இப்படி எழுதிவைக்கப்பட்ட முறை அது. ஆகவே 1966இல் தொழில்முறை ஒப்பந்தம் பேச அலன் ஈகிள்சன் என்ற ரொறன்ரோ வழக்கறிஞர் வந்தபோது, அது விடுதலையாகத் தெரிந்தது இயல்பு. வீரருக்காக ஒரு முகவர் கழகத்தோடு பேரம் பேசுவது அன்று புதுமை. அந்த ஒப்பந்தத்தால் எழுந்த பேரில்தான் 1967இல் வீரர்கள் சங்கம் உருவாகி, ஈகிள்சன் அதன் தலைமை நிர்வாகியும் ஆனார். சங்கத்தின் தலைமையும் தனி வீரர்களின் முகவர் வேலையும் ஒரே கையில்.

1976இல் புரூயின்ஸ் பொபியைத் தக்கவைக்கக் கழகத்தின் 18.5 வீத உரிமைப் பங்கைத் தர முன்வந்தது. அது தன்னிடம் சொல்லப்படவில்லை என்பது பொபியின் நிலைப்பாடு. ஈகிள்சன் அவரைச் சிக்காகோவுக்குக் கொண்டுபோனார். சிக்காகோவில் மூன்று ஆண்டுகளில் அவரால் ஆட முடிந்தவை 26 ஆட்டங்கள். ஆடாததற்குச் சம்பளம் எடுக்கமாட்டேன் என்று அங்கே கிடைத்த காசோலைகளை அவர் மாற்றவில்லை. 1978 நவம்பரில், முப்பது வயதில், விலகினார். விலகியபின் கணக்கைப் பார்த்தபோது சொத்தைவிடக் கடன் கூடுதலாக இருந்தது. 1980இல் ஈகிள்சனோடு உறவை முறித்துக்கொண்டார்.

ரஸ் கொன்வே என்ற பத்திரிகையாளர் 1991 முதல் எழுதிய விசாரணைக் கட்டுரைகளும், கார்ல் புரூவர் போன்ற முன்னாள் வீரர்களின் பிடிவாதமும் சேர்ந்துதான் ஈகிள்சனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தன. 1998இல் அவர் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் இருக்குமானால் தாங்கள் விலகுவோம் என்று அறிவித்த வீரர்களுள் பொபியும் கோர்டி ஹவ்வும் இருந்தார்கள். ஈகிள்சன் மண்டபத்திலிருந்து விலகினார்.

பொபி பிற்காலத்தில் தானே வீரர்களின் முகவரானார்; கொனர் மக்டேவிட் பதின்ம வயதிலிருந்தே அவருடைய நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவர். தன்னைச் சுரண்டிய தொழிலையே எடுத்துக்கொண்டு, இளம் வீரர்களின் ஒப்பந்தங்களை அவர்கள் பக்கத்திலிருந்து படித்துச் சொல்லும் வேலையைச் செய்ததை நான் அவருடைய கோல்களுக்கு இணையாக மதிக்கிறேன்.

8 டிசம்பர் 2024

முதல் குறிப்பை மீண்டும் படித்தபோது, பொபிக்கு முன்னால் எந்தத் தற்காப்பு வீரரும் பக்கோடு ஓடியதேயில்லை என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரக்கூடும் என்று தோன்றியது. அப்படியில்லை. அதே பொஸ்ரனில் எடி ஷோர் ஓடினார். ஹார்ட் விருதை நான்கு முறை பெற்றார். டெட்ரொயிற்றின் ரெட் கெல்லி ஓடினார். மொன்றியலின் டக் ஹார்வி ஓடாமலே ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர். நோரிஸ் விருதுகள் ஏழு. பரி சவுண்டில் முன்கள வீரராக ஆடிய பொபியைத் தற்காப்புக்கு மாற்றிய பக்கோ மக்டொனால்டும் முன்னாள் என்.எச்.எல். தற்காப்பு வீரரே. பையனைப் பின்னால் நிறுத்தியவர், அவன் முன்னால் ஓடுவதைத் தடுக்கவில்லை. அந்த ஒரு தீர்மானத்துக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பொபிக்குப் பிறகு வந்தவர்களை வைத்துப் பார்த்தால் அவருடைய இடம் இன்னும் தெளிவாகும். டெனிஸ் பொத்வான், போல் கொஃபி, அல் மக்கின்னிஸ், பிரையன் லீச், பிறகு நீண்ட இடைவெளிக்குப் பின் 2022–23இல் எரிக் கார்ல்சன். ஒரு பருவத்தில் 100 புள்ளிகளைத் தொட்ட தற்காப்பு வீரர்கள் பொபியோடு சேர்த்து இந்த ஆறு பேர்தான். பொபி அதைத் தொடர்ந்து ஆறு பருவங்கள் செய்தார். கொஃபி 1985–86இல் 48 கோல்கள் போட்டுப் பொபியின் 46 என்ற சாதனையை முறியடித்தார். புள்ளிகளில் 138 எடுத்து ஒன்றால் பின்தங்கினார். கோல்கள் மழையாகக் கொட்டிய எண்பதுகளில், கிரெட்ஸ்கியோடு ஒரே அணியில் ஆடியும் அந்த 139ஐத் தாண்ட முடியவில்லை என்பது விரிவாக்க வாதத்துக்கு நான் தரும் இரண்டாவது பதில்.

கேள்வி கேட்டவர் ஒப்பிட்ட கிரெட்ஸ்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். நீண்ட காலம் சிறந்தவராக இருப்பதும் ஒரு தனித் திறமை. அதில் கிரெட்ஸ்கியும் ஹவ்வும் பொபியைவிட மேலானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு முழுத் தொழில்வாழ்வையும் எடைபோடச் சொன்னால் நான் ஹவ்வைத்தான் முதலில் வைப்பேன். ஒரே ஒரு பருவத்துக்கு, ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பொபி. கிரெட்ஸ்கி பனித்தளத்தின் ஒரு முனையில் செய்ததை வேறு எவரும் செய்ததில்லை. பொபி இரண்டு முனைகளிலும் ஆடினார்.

15 டிசம்பர் 2024

பிராட் பார்க்கைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிப்பது நியாயமாகாது. நோரிஸ் விருதுக்கு ஆறு முறை இரண்டாம் இடம் பெற்றவர் அவர், அவற்றில் நான்கு பொபியின் பின்னால். 1975 நவம்பரில் எஸ்பொசிற்றோவை நியூயோர்க்குக்கு அனுப்பி பார்க்கையும் ஜோன் ரட்டெலையும் புரூயின்ஸ் வாங்கியபோது, அந்தக் காலத்தின் இரண்டு சிறந்த தற்காப்பு வீரர்கள் ஒரே அணியில் சேர்ந்தார்கள். சில ஆட்டங்கள்தான் சேர்ந்து ஆடினார்கள். அந்த மாத முடிவில் பொபிக்கு மறுபடியும் அறுவை. புரூயின்ஸ் சட்டையில் அவர் அதன்பின் ஆடவில்லை.

எந்தப் பதிவை முதலில் பார்ப்பது என்று கேட்டவருக்கு: கோல் தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். 1972 இறுதித் தொடரில் நியூயோர்க்குக்கு எதிரான கடைசி ஆட்டத்தை முழுமையாகப் பாருங்கள். கிண்ணத்தை வென்ற கோலை அங்கேயும் அவரே போட்டார், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. புரூயின்ஸ் ஆள் குறைந்து நிற்கும் நேரங்களில் மற்ற வீரர்களை விட்டுவிட்டு 4ஆம் இலக்கச் சட்டையை மட்டும் கண்ணால் தொடருங்கள். பக் அவரிடம் இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள்.